ஸ்டேட்டஸ் கிடைச்சிட்டுது, 28 நாளில நாஸ் வீடு விடோணுமாம். எதை முதல் செய்யிறது?

டீஸ்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பெரியம்மான்ர மகனுக்கு (29 வயசு, தனியாள்) போன வியாழக்கிழமை அகதி அந்தஸ்து குடுத்துக் கடிதம் வந்திட்டுது. இங்கிலாந்தில, மிடில்ஸ்பரோவில நாலு பேர் இருக்கிற நாஸ் வீட்டில (அசைலம், அதாவது அடைக்கலம், கேட்டவைக்கு அரசாங்கம் குடுக்கிற வீடு) இருக்கிறார். நாஸ் காசு ஏத்திற ஆஸ்பென் கார்டில கிழமைக்கு 49.18 பவுண் வருது. அது 28 நாளில நிக்குமாம், வீடும் விடோணுமாம். நாலு விசயம் கேக்கோணும்.

பக்கத்து அறைப் பெடியன் 56 நாள் இருக்கெண்டு சொல்லுறார். எது சரி? பாங்க் அக்கவுன்ட் இன்னும் இல்லை, அது இல்லாமல் யூனிவர்சல் கிரெடிட் (யூசி, அரச உதவிக் காசு) போட ஏலுமோ? கவுன்சிலுக்கு (உள்ளூராட்சிச் சபைக்கு) இப்பவே போறதோ, வீட்டை விட்டு எழுப்பிற நோட்டீஸ் வந்தாப் பிறகோ? கடைசியா, ஹரோவில மாமா இருக்கிறார். லண்டனுக்குப் போய் அங்கத்தைய கவுன்சிலில ஹோம்லெஸ் எண்டு பதியலாமோ?

கோப்புக்கட்டு எழுதியது:

முதலில் 56 நாள் கதையை முடித்துவிடுவோம். 2024 டிசம்பரில் உள்துறை அமைச்சான ஹோம் ஆபிஸ் 28 நாளை 56 ஆக்கிப் பரீட்சித்துப் பார்த்தது. 2025 செப்டம்பரில் பெரும்பாலான தனியாட்களுக்குத் திரும்பவும் 28 ஆக்கிவிட்டது. இடையில் ஸ்டேட்டஸ் எடுத்தவருக்கு 56 சரி, உங்கள் ஆளுக்கு அது பொருந்தும் என்று எண்ணி இருக்க வேண்டாம். வரப்போவது மூன்று தனித்தனிக் கடிதங்கள். ஒன்று அந்தஸ்துத் தீர்மானம், அது வந்துவிட்டது. இரண்டாவது நாஸ் உதவி எந்தத் தேதியில் நிற்கும் என்ற கடிதம். கணக்குப் பார்க்க வேண்டியது அதில் அச்சடித்த தேதியைத்தான். மூன்றாவது வீட்டை நடத்தும் கம்பனி, அதாவது உங்கள் பகுதியில் மியர்ஸ், தரும் வெளியேறும் நோட்டீஸ். அது குறைந்தது 7 நாள் அவகாசத்தோடு வரும். மூன்றாவது வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தான் தெருவுக்கு வருகிறார்கள்.

ஏன் என்று கணக்கில் பாருங்கள். யூசி முதல் காசு, விண்ணப்பம் அனுப்பி ஏறத்தாழ 5 கிழமைக்குப் பிறகுதான் வரும். ஒரு மாதம் மதிப்பீட்டுக் காலம், அதன்மேல் 7 நாள். நாஸ் 28 நாளில் நிற்கும். ஆகவே முதல் நாளே விண்ணப்பித்தாலும் ஒரு கிழமை கையில் ஒன்றும் இல்லை. இருபதாம் நாள் விண்ணப்பித்தால் அந்த இடைவெளி கிட்டத்தட்ட 4 கிழமை. போன வியாழன் கடிதம் வந்தது என்கிறீர்கள், ஏற்கெனவே சில நாள் போய்விட்டது.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஈவிசா, அதாவது அந்தஸ்தைக் காட்டும் ஓன்லைன் பதிவு. பிளாஸ்டிக் அட்டை இப்போது வராது, எல்லாம் யூகேவிஐ (ஹோம் ஆபிஸின் விசாப் பிரிவு) அக்கவுன்டுக்குள்தான். தீர்மானக் கடிதத்தில் உள்ள எண்களையும் பிறந்த தேதியையும் வைத்துத் திறக்கலாம். அதோடு இணைக்கும் ஈமெயிலும் ஃபோன் நம்பரும் அவருடைய சொந்தமாக இருக்கட்டும். சொலிசிட்டரின் ஈமெயிலையோ, அறை நண்பரின் சிம்மையோ போட்டால், ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் கேட்கும் கோட் அங்கேதான் போகும். ஆறு மாதத்தில் அந்த சிம் இராது. திறக்க முடியாவிட்டால் யூகேவிஐ உதவி நம்பர் 0300 790 6268.

உள்ளே போனதும், அந்தஸ்தை மற்றவர்கள் இணையத்தில் பார்க்கக் கொடுக்கும் ஷெயார் கோட் எடுக்கலாம். வேலைக்கு எடுத்தது டபிள்யூவில் தொடங்கும், வீடு வாடகைக்கு எடுத்தது ஆரில், மற்றத் தேவைகளுக்கு எஸ்ஸில். 90 நாள் செல்லும், எத்தனை முறையும் புதிதாக எடுக்கலாம். வீட்டுக்காரருக்கு வேலைக் கோட்டைக் கொடுத்தால் அவருடைய பக்கத்தில் திறக்காது. ‘விசா போலி’ என்று முடிவெடுத்துவிடுவார். சின்ன விசயம், அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது யூசி. பாங்க் அக்கவுன்ட் இல்லாமலே விண்ணப்பிக்கலாம், பாங்க் விவரத்தைப் பிறகு சேர்க்கலாம். நஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர் இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். அதற்காக ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். கவனிக்க வேண்டிய இடங்கள் இவை:

யூசி அக்கவுன்ட் திறப்பது விண்ணப்பம் அல்ல. எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக் கடைசியில் ‘சப்மிட்’ அழுத்திய நாள்தான் விண்ணப்ப நாள். திறந்துவிட்டு அப்படியே இரண்டு கிழமை விட்டால் இரண்டு கிழமைக் காசு போனது போனதுதான்.

வீட்டுச் செலவுப் பகுதியில் இப்போது வாடகை கட்டுவதில்லை என்றே போடுங்கள், நாஸ் வீட்டுக்கு அவர் வாடகை கட்டவில்லையே. வெளியே அறை எடுத்த அன்றே மாற்றத்தை அறிவித்து வாடகை ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். அறிவிக்கத் தவறிய மாதத்தின் வாடகை பெரும்பாலும் திரும்பாது.

‘இந்த நாட்டில் வழக்கமாக வசிப்பவரா’ என்ற பரிசோதனையில் அகதிகளுக்கு விலக்கு உண்டு. 2013 யூசி விதிகளில் 9ஆவது விதி. ஆனாலும் அந்தக் காரணத்தைச் சொல்லி நிராகரிக்கும் கடிதங்கள் வருகின்றன, அந்தஸ்தைச் சரியாகப் பதியாததால். அப்படி வந்தால் புதிய விண்ணப்பம் போடாதீர்கள், பழைய தேதி போய்விடும். ஒரு மாதத்துக்குள் ஜர்னலில் (யூசி அக்கவுன்டில் செய்தி எழுதும் பக்கம்) ‘மாண்டற்றரி ரீகன்சிடரேஷன்’, அதாவது முடிவை மறுபடி பார்க்கும்படி, கேட்டு, தீர்மானக் கடிதத்தின் படத்தை இணையுங்கள்.

இடைவெளியை நிரப்ப அட்வான்ஸ் கேட்கலாம். முதல் மாதத் தொகை முழுவதையும் கேட்க உரிமை உண்டு. 2025-26இல் 25 வயதுக்கு மேற்பட்ட தனியாளுக்கு அடிப்படைத் தொகை 400.14 பவுண். முழுதும் எடுத்து 24 மாதத்தில் திருப்பினால் மாதம் 16.67 கழியும். வட்டி இல்லை. பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் கடன் என்பதை மறக்கக் கூடாது.

தமிழில் பேச வேண்டும் என்றால் யூசி நம்பர் 0800 328 5644க்கு எடுத்து ‘டமில் இன்டர்பிரெட்டர்’ என்று மட்டும் சொன்னால் போதும், அவர்களே சேர்ப்பார்கள். படிவம் நிரப்ப இங்கிலாந்தில் சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்பின் இலவச உதவி 0800 144 8444இல்.

ஆனையிறவு எழுதியது:

யூசி பற்றி மேல வடிவாச் சொல்லியிருக்கிறார். நான் வீட்டுப் பக்கம் மட்டும் சொல்லுறன், அங்கதான் ஆக்கள் கூடப் பிழை விடுறது.

கவுன்சிலுக்கு நோட்டீஸ் வரும்வரை பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இங்கிலாந்தில 2018 ஏப்ரலில இருந்து நடைமுறையில இருக்கிற சட்டப்படி, 56 நாளுக்குள்ள வீடில்லாமல் போற நிலைமை எண்டா கவுன்சில் விண்ணப்பத்தை எடுக்கத்தான் வேணும். 28 நாள் 56ஐ விடக் குறைவு, ஆகவே தீர்மானக் கடிதமும் நாஸ் நிப்பாட்டுற கடிதமும் போதும். ‘நோட்டீஸ் கொண்டு வா’ எண்டு கவுன்டரில சொன்னா, விண்ணப்பத்தைப் பதிஞ்சு அதின்ர முடிவை எழுத்தில தாங்கோ எண்டு கேளுங்கோ. அப்படிக் கேட்டா அனேகமா உள்ளுக்கு எடுப்பாங்கள். ஓன்லைன் படிவம் இருந்தா அதை நிரப்பி, வாற மறுமொழி ஈமெயிலைக் கவனமா வையுங்கோ, திகதிக்கு அதுதான் சாட்சி.

ஆனா எதிர்பார்ப்பை அளவா வைக்கோணும். உடம்பு சுகமான 29 வயசுத் தனியாளுக்குக் கவுன்சில் வீடு தரவேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. திட்டம் ஒண்டு எழுதித் தருவாங்கள், தனியார் வாடகை அறை தேட உதவுவாங்கள், சில கவுன்சில் டெபாசிட்டுக்கு உத்தரவாதம் குடுக்கும். உடனடியா அறை குடுக்கிறது ‘பிரையோரிட்டி நீட்’ உள்ளவைக்கு: பிள்ளைகளோட இருக்கிறவை, கர்ப்பிணிகள், நோயாலயோ மனநிலையாலயோ மற்ற ஆக்களை விடக் கூடப் பாதிக்கப்படக்கூடியவை.

இந்தக் கடைசி வகையை எங்கட ஆக்கள் வாய் திறந்து சொல்லுறதில்லை. சித்திரவதைக் காயம், நித்திரையில்லாமை, மருந்து, கவுன்சிலிங் இதெல்லாம் கேஸுக்கு மட்டும் எண்டு நினைக்கிறது. அசைலம் கேஸுக்கு எடுத்த மருத்துவ அறிக்கை இருந்தா அதின்ர பிரதியைக் கவுன்சிலுக்கும் குடுங்கோ. ஜிபியிட்ட (குடும்ப டொக்டரிட்ட) கடிதம் எடுக்கேக்க நோயின்ர பேர் மட்டும் போதாது. தெருவில படுக்க வேண்டி வந்தா இவருக்கு என்ன நடக்கும், மருந்து தவறினா என்ன ஆகும் எண்டு ரெண்டு வரி இருக்கோணும். கவுன்சில் பாக்கிறது அதைத்தான். முடிவு பிழையா வந்தா 21 நாளுக்குள்ள ரிவியூ (மறுபரிசீலனை) கேக்கலாம். வீட்டுப் பிரச்சினைக்கு உதவுற தொண்டு அமைப்பு ஷெல்ட்டரின்ர இலவச நம்பர் 0808 800 4444.

இனி ஹரோ. அவசரப்படாதேங்கோ. செக்‌ஷன் 95 உதவியில (அதுதான் நாஸ் உதவி) கடைசியா எந்தக் கவுன்சில் எல்லைக்குள்ள வீடு குடுத்தாங்களோ, அந்தக் கவுன்சிலோட அவருக்கு ‘லோக்கல் கனெக்‌ஷன்’ (உள்ளூர்த் தொடர்பு) சட்டப்படி வந்திடும். ஹரோவில போய்ப் பதிஞ்சா, அங்கை வேற தொடர்பு இல்லாட்டி, திருப்பி மிடில்ஸ்பரோவுக்குத்தான் அனுப்புவாங்கள். மாமா இருக்கிறது தொடர்பாகாதோ எண்டு கேப்பியள். குடும்பத் தொடர்பெண்டு வழமையாப் பாக்கிறது தாய் தகப்பன், சகோதரம், வளந்த பிள்ளைகள், அதுவும் அவை அந்த இடத்தில 5 வருசம் இருந்திருக்கோணும். மாமா, சித்தப்பா, மச்சான் எல்லாம் எங்களுக்குத்தான் நெருங்கின சொந்தம், கவுன்சில் படிவத்தில அனேகமா இல்லை. அங்கை நிரந்தர வேலை எடுத்தா அது வேற கதை, வேலையும் தொடர்புதான்.

மாமா அறை தாறார் எண்டா தாராளமாப் போகலாம், யூசியில விலாசம் மாத்தினாச் சரி. ஹோம்லெஸ் பதிவை நம்பிப் போறதுதான் பிழை. ரெண்டையும் குழப்பக் கூடாது.

டீஸ்கரை எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணைமார். யூசி நேற்று இரவே சப்மிட் பண்ணியாச்சு. ஈவிசாவும் திறந்தாச்சு, ஆனா ஒரு சிக்கல். பேர் தலைகீழாக் கிடக்கு. தகப்பன்ர பேர் முதல் பேராயும், இவரின்ர பேர் குடும்பப் பேராயும். ஜிபியில வேற மாதிரி. இதை இப்பவே திருத்தோணுமோ, பிறகு பாக்கலாமோ?

கோப்புக்கட்டு எழுதியது:

எந்த வகைப் பிழை என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

ஹோம் ஆபிஸ் பேரை எடுப்பது பெரும்பாலும் பாஸ்போட்டிலிருந்தும் முதல் நேர்காணலில் சொன்னதிலிருந்தும்தான். எங்கள் வழக்கத்தில் தகப்பன் பேர் முன்னுக்கு வரும், சொந்தப் பேர் பின்னுக்கு. இங்கே பின்னுக்கு இருப்பதைக் குடும்பப் பேர் என்று எடுத்துவிடுவார்கள். பாஸ்போட்டிலும் அப்படியே இருந்தால் அது பிழை அல்ல, பதிவு. அதைத் திருத்தக் கேட்டு மாதக் கணக்கில் இழுபட வேண்டாம். ஈவிசாவில் எப்படி இருக்கிறதோ அதே ஒழுங்கில், அதே எழுத்தில், யூசி, பாங்க், ஜிபி, கவுன்சில், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். ஜிபியில் மாற்றுவது ஐந்து நிமிட வேலை, வரவேற்பு மேசையில் ஒரு படிவம்.

எழுத்து வேறுபட்டிருந்தால், உதாரணமாக தர்ஷன் என்பதில் ஓரிடத்தில் ‘டி’ மட்டும், இன்னோரிடத்தில் ‘டிஎச்’, அல்லது பிறந்த தேதி ஜனவரி 1 என்று விழுந்திருந்தால், அது திருத்த வேண்டியது. ஈவிசாப் பிழையை அறிவிக்க அரச இணையத்தளத்தில் தனிப் படிவம் இருக்கிறது. பாஸ்போட் அல்லது பிறப்புப் பத்திரத்தின் படத்தோடு அனுப்புங்கள். திருத்தம் வரும்வரை யூசியில் இரண்டு பேரையும் ஜர்னலில் எழுதி வைத்தால் போதும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், யூசி அலுவலகமான ஜொப்சென்டரில் அடையாளம் பார்க்கிற அன்று ‘வேறு ஆள்’ என்று விண்ணப்பம் நின்றுவிடும்.

பாங்க் போகும்போதும் இதே ஒழுங்கு. ‘பேசிக் பாங்க் அக்கவுன்ட்’ என்று கேளுங்கள். பெரிய பாங்குகள் ஒன்பது அதைத் தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சாதாரண கரன்ட் அக்கவுன்ட் கேட்டால் கடன் வரலாறு இல்லை என்று கணினி மறுக்கும். தீர்மானக் கடிதம், எஸ் ஷெயார் கோட், விலாசத்துக்கு யூசி அல்லது நாஸ் கடிதம். ஓன்லைனில் முடியாவிட்டால் கிளைக்கு நேரே. ஒரு கிளை மறுத்தால் அடுத்த பாங்க், நாளை வீணாக்க வேண்டாம். அதற்குள் காசு நாள் வந்துவிட்டால், நம்பிக்கையான உறவினர் ஒருவரின் அக்கவுன்டுக்குத் தற்காலிகமாகப் போடச் சொல்லலாம். கடைசி வழியாக மட்டும்.

கிராய்டன்ராணி எழுதியது:

இதே திரியில் ஒரு கேள்வி கேட்கலாமா? எங்கள் வீட்டு விஷயம் இல்லை, தெரிந்த குடும்பம். அவர்கள் ஹோட்டலில் இருக்கிறார்கள், இரண்டு பிள்ளைகள், 7 வயது, 2 வயது. சாப்பாடு ஹோட்டலிலேயே தருவதால் ஆளுக்கு வாரம் 9.95 பவுண்தான் வருகிறது, சேமிப்பு என்று எதுவும் இல்லை. இப்போது ஸ்டேட்டஸ் வந்துவிட்டது. யூசி தவிர வேறு என்ன இருக்கிறது?

ஆனையிறவு எழுதியது:

பிள்ளைகள் இருக்கிறபடியா கவுன்சில் விசயம் முற்றிலும் வேற, அக்கா. அவை பிரையோரிட்டி நீட். போக இடமில்லாத நாளில இருந்து தற்காலிக இடம் குடுக்கவேண்டிய கடமை கவுன்சிலுக்கு இருக்கு. அறை தூரத்தில இருந்தாலும், சின்னனா இருந்தாலும், மறுக்க முதல் ஷெல்ட்டரோட கதையுங்கோ. மறுத்தா கடமை முடிஞ்சுது எண்டு எழுதிப் போடுவாங்கள். ஏற்றுக்கொண்டு, உள்ளுக்குப் போனபிறகு பொருத்தமில்லை எண்டு ரிவியூ கேக்கலாம்.

காசுப் பக்கத்தில ஆக்கள் தவறவிடுறது சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைகளுக்கான அரச உதவிக் காசு). அது யூசிக்குள்ள இல்லை, வரித் திணைக்களமான எச்எம்ஆர்சிக்குத் தனி விண்ணப்பம். அந்தஸ்து வந்து 3 மாதத்துக்குள்ள போட்டா, அசைலம் கேட்ட நாள் வரைக்கும் பின்னோக்கித் தருவாங்கள். 2025-26இல மூத்த பிள்ளைக்குக் கிழமைக்கு 26.05, அடுத்ததுக்கு 17.25, ரெண்டும் 43.30 பவுண். கேஸ் ரெண்டு வருசம் இழுபட்டிருந்தா, ரெண்டு பிள்ளையும் அந்தக் காலம் முழுக்க இருந்திருந்தா, நாலாயிரத்தைத் தாண்டும். 2 வயசுப் பிள்ளை இங்கை பிறந்ததெண்டா பிறந்த நாளில இருந்துதான் கணக்கு. படிவத்தில அகதி அந்தஸ்து கிடைச்ச திகதியும் அசைலம் கேட்ட திகதியும் தெளிவா எழுதி, தீர்மானக் கடிதத்தின்ர பிரதியை வையுங்கோ. எழுதாட்டி சாதாரண விண்ணப்பம் எண்டு எடுத்து 3 மாதம் மட்டும் பின்னுக்குத் தந்திட்டு முடிச்சிடுவாங்கள். 3 மாதம் தாண்டினா இந்த வழி அடைபட்டிடும்.

யூசிக்கு இப்படிப் பின்னோக்கின கணக்கு இல்லை. அதையும் இதையும் ஒண்டெண்டு நினைக்காதேங்கோ.

வீடு கிடைச்சாப் பிறகு கவுன்சில் டாக்ஸ் (உள்ளூர் வரி) குறைப்பு, அதுவும் தனி விண்ணப்பம், கவுன்சிலிட்டப் போடோணும். யூசி வாடகைக்கு உதவும், கவுன்சில் டாக்ஸுக்கு உதவாது. இது தெரியாமல் ஒரு வருசம் கழிச்சு சம்மன் வாறதுதான் வழமையான கதை.

தேயிலைச்சாயம் எழுதியது:

மேலே விட்டுப்போன சில சில்லறைகள்.

டெபாசிட்டுக்கு ‘இன்டகிரேஷன் லோன்’ என்று ஹோம் ஆபிஸ் வட்டியில்லாக் கடன் தருகிறது. தனியாளுக்கு 100 முதல் 500 பவுண் வரை, தம்பதிக்கு 780 வரை. டெபாசிட், வீட்டுச் சாமான், வேலைக்கான படிப்பு, இவற்றுக்குச் செலவிடலாம். ஆனால் காசு விரைவில் வராது. சாவி வாங்குகிற அன்று இதை நம்பி இருக்காதீர்கள், முன்கூட்டியே விண்ணப்பித்து வையுங்கள். இங்கிலாந்தில் சாதாரண வாடகைக்கு டெபாசிட் 5 கிழமை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. கொடுத்தால் 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் வைத்த அத்தாட்சி வர வேண்டும்.

35 வயதுக்குக் கீழ்ப்பட்ட தனியாளுக்கு யூசி வாடகை, பகிர்ந்த வீட்டில் ஓர் அறைக்கான உள்ளூர் உச்சத் தொகை வரைதான். அந்தத் தொகையைத் தபால் கோட் போட்டு இணையத்தில் பார்த்துவிட்டு அறை தேடுங்கள். எங்கள் ஆட்கள் கடைக்கு மேலே அறை தருவார்கள், மலிவுதான். காசு கையில், ஒப்பந்தம் இல்லை, ரசீதும் இல்லை என்றால் யூசி வாடகைப் பகுதி கிடைக்காது. மாமா வீடென்றாலும் அதே விதிதான். உண்மையில் வாடகை கட்டி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் மட்டும் கேளுங்கள்.

மருந்து. இலவச மருந்துக்கான எச்சி-2 சான்றிதழில் முடிவுத் தேதி இருக்கும், பாருங்கள். அது முடிந்து யூசியும் முடிவாகாத இடைவெளியில் மருந்துச் சீட்டின் பின்பக்கம் ‘இலவசம்’ என்று குறியிட்டால், பிறகு தண்டக் கடிதம் வீட்டுக்கு வரும். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் மருந்துச் சீட்டுக்குக் காசே இல்லை.

வேலை இன்றைக்கே தொடங்கலாம், வாரத்துக்கு இத்தனை மணி என்ற எல்லை இல்லை. பிள்ளையில்லாத, வேலைசெய்யக்கூடிய தனியாளுக்குக் கையில் வருகிற ஒவ்வொரு பவுணுக்கும் யூசியில் 55 பென்ஸ் குறையும், முழுதும் நின்றுவிடாது. சம்பளம் கையில் காசாக வந்தாலும் அறிவிக்கத்தான் வேண்டும்.

யூசி போட்டுத் தருகிறேன், அட்வான்ஸ் கூட எடுத்துத் தருகிறேன் என்று 200, 300 கேட்கிறவர்களிடம் கவனம். இல்லாத பிள்ளையையும் இல்லாத வாடகையையும் உள்ளே போட்டு அட்வான்ஸைப் பெருப்பித்து, பாதியை எடுத்துக்கொள்வது அவர்களுடைய வேலை. மோசடி வழக்கும் கடனும் விண்ணப்பதாரரின் தலையில். ஒரு பக்கமும் காசு கேட்காத விண்ணப்பம் அது.

மனைவி ஊரில் இருக்கிறார் என்றால்: அகதிகளின் குடும்ப மீளிணைவு வழி 2025 செப்டம்பர் 4 முதல் புதிய விண்ணப்பங்களுக்கு நிறுத்தப்பட்டது. அதைக் காட்டிக் காசு வாங்குகிற முகவர்கள் இருக்கிறார்கள். பதிவுபெற்ற ஆலோசகரா என்று இமிக்ரேஷன் அட்வைஸ் அதொரிட்டியின் பட்டியலில் பார்க்காமல் ஒரு பவுணும் கொடுக்காதீர்கள்.

இலங்கைப் பாஸ்போட்டைத் தூதரகத்தில் புதுப்பிக்கவே வேண்டாம். நாட்டின் பாதுகாப்பைத் திரும்ப ஏற்றுக்கொண்டார் என்று 1951 உடன்படிக்கையின் அந்தஸ்து முடிவுறும் பிரிவில் அது விழலாம். பயணத்துக்கு அகதிப் பயணப் பத்திரம் இருக்கிறது, அது இலங்கைக்குச் செல்லுபடியாகாது.

டீஸ்கரை எழுதியது:

பாங்க் அக்கவுன்ட் எடுத்தாச்சு, ரெண்டாவது கிளையில. கவுன்சில் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கு. ஜிபி கடிதம் அதுக்கு முன்னம் வராட்டி என்ன செய்யிறது?

ஆனையிறவு எழுதியது:

போங்கோ, நாளைத் தள்ளிப் போடாதேங்கோ. ஃபோனில ஜிபி அப் இருந்தா மருந்துப் பட்டியலையும் வருத்தங்களின்ர பதிவையும் அதில இருந்து எடுத்துப் பிரிண்ட் பண்ணிக்கொண்டு போகலாம். கடிதம் பிறகு வரும் எண்டு அதிகாரியிட்டச் சொல்லி, அவரின்ர ஈமெயில் விலாசத்தை வாங்குங்கோ. மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டு திங்களே அடிச்சுச் சொல்லிவிடுங்கோ. நீங்கள் கூடப் போனாலும் மொழிபெயர்க்கிறது அவையின்ர ஆளா இருக்கட்டும். சொந்தக்காரருக்கு முன்னால அவர் சித்திரவதை பற்றி வாய் திறக்கமாட்டார்.